இலையில்லாத கம்பு

கடிதம் இலக்கம்: 3
அன்புவழிபுரம், திருகோணமலை.
2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18 ஆம் திகதி, திங்கட்கிழமை. காலை 6.10 மணி.

என் அன்புக்கும் கோபத்துக்கும் சரிபாதி உரித்தான மச்சான் அருளானந்தம் அவர்களுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதலாவதை உம்முடைய முப்பத்தோராம் நாள் கிரியையன்று எழுதினேன்; இரண்டாவதைத் தைப்பொங்கலுக்கு மறுநாள். இரண்டிலும் ஒரே மனிதரைத் திட்டியதைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டாவதை உம்முடைய தங்கை பரமு வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, அண்ணைக்குக் கடிதம் எழுதுறியளோ, இல்லாட்டி அந்தாளுக்குச் செய்வினை வைக்கிறியளோ?" என்று கேட்டாள். ஆகவே அவற்றை ஒருவருக்கும் காட்டவில்லை.

இக்கடிதம் அப்படியல்ல. இதன் பிரதி இன்று காலை எங்கள் வாசிகசாலையின் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டப்படும். யாரும் நின்று வாசிக்கலாம். உமக்கு அது பிடிக்காது. பிடிக்கக் கூடாது என்பதற்காகவே ஒட்டுகிறேன். காரணத்தை உரிய இடத்தில் சொல்வேன்.

முதலில் செய்தி. பழி வாங்கியாயிற்று, மச்சான். நேற்று முன்தினம், 16 ஆம் திகதி சனிக்கிழமை, மாலை 5.25 மணிக்கு, உப்புவெளிக் கடற்கரையில், நீர் வழமையாக நெருப்பு மூட்டும் அதே இடத்தில். ஆனால் நான் திட்டமிட்டபடி அது முடியவில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உமக்குத் தெரியும். பொறுமையாகக் கேளும்.

உம்மை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் உமக்குத் தெரிந்ததையே சிறிது எழுத வேண்டியிருக்கிறது. நீர் துறைமுகத்து இழுவைப் படகொன்றின் குசினியில் இருபத்தாறு ஆண்டுகள் சமைத்தவர். நான் அதே துறைமுகத்தில், வந்த கலங்களின் நேரத்தையும் போன கலங்களின் நேரத்தையும் பதிவேட்டில் எழுதியவன். நான் குறித்த நேரத்துக்கு உம்முடைய படகு ஒருநாளும் வந்ததில்லை. அதற்காக நாம் சண்டை பிடித்தோம். பிறகு உம்முடைய தங்கையை நான் மணந்தேன். அதற்குப் பிறகும் சண்டை பிடித்தோம்.

ஓய்வு பெற்ற பின்னர் நீர் ஒரு வேலையைத் தேடிக்கொண்டீர். ஆகஸ்ட் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமையன்று வாசிகசாலைப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிச் சென்று நெருப்பில் ரொட்டி சுடுவது. சட்டி இல்லை, தட்டு இல்லை. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். பிள்ளைகளே குழைப்பார்கள், காதுக்குள்ளும் மா இருக்கும். குழைத்ததைக் கயிறாக உருட்டி, கம்பில் இறுக்கிச் சுற்றி, தணலுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் திருப்ப வேண்டும். சுவாலைக்குள் நீட்டும் அவசரக்காரருக்கு வெளியே கரி, உள்ளே களி.

"நெருப்புக்குள்ள பிடிக்காதையடா, நெருப்புக்குப் பக்கத்தில பிடி. அது கோவக்காரன், தணல்தான் சமையல்காரன்" என்று கத்திக்கொண்டே திரிவீர். வெந்த ரொட்டியைக் கம்பிலிருந்து உருவினால் நடுவில் ஓட்டை இருக்கும். அதற்குள் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் அடைத்துக் கொடுப்பீர். குழாய் ரொட்டி என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள். உமக்கு ரொட்டி மாமா என்றும், எனக்கு மணிக்கூட்டுத் தாத்தா என்றும் வைத்தார்கள். நான் உம்மிலும் இரண்டு வயது இளையவன் என்பதை அவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் ஒழுங்கில்லாத உம்மிடம் ஒரேயொரு சட்டம் இருந்தது. கம்பைப் பிள்ளைகளே வெட்டிக்கொண்டு வர வேண்டும்: கொய்யா, கிடைக்காவிட்டால் பூவரசு. மா சுற்றும் பக்கத்தை மட்டும் தோல் சீவலாம். கையில் பிடிக்கும் முனையில் ஓர் இலையாவது கம்போடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையாக வரிசையில் வந்து இலையைக் காட்டும். நீர் அதைக் கசக்கி மணந்து, "கொய்யா. போ" என்பீர். இலையில்லாத கம்புக்கு மா கிடையாது, அழுதாலும் கிடையாது.

"இலைதான் மரத்தின்ர அடையாள அட்டை. அட்டை இல்லாட்டி உள்ள விட ஏலாது" என்பீர். சோதனைச் சாவடிகளைக் கண்ட இந்த ஊரில் அந்த வசனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டுக்கு வருகிறேன். 24.08.2024, சனிக்கிழமை. நானும் பரமுவும் கட்டைபறிச்சானில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தோம். உம்முடைய சைக்கிள் சங்கிலி அறுந்து, நீர் நாற்பது நிமிடம் பிந்திக் கடற்கரைக்குப் போனீர். அதற்குள் நெருப்பு எரிந்தது. பிள்ளைகள் சுற்றி இருந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் வெள்ளை வெளேரென்று தோல் சீவிய, ஒரே நீளமான கம்பு. ஒன்றிலும் இலை இல்லை. அங்கே நின்ற பெரியவர் நீர் வரும்வரைக்கும் ஒருவரே: வாசிகசாலைத் தலைவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தாளுக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது.

நீர் வந்து சேருமுன்னமே சிலர் தின்றுவிட்டார்கள்; ஆறு மணிக்குள் நான்கு பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார்கள். அவர்களில் ஒருவன், நசீராவின் மகன், மயங்கி விழுந்தான். நசீரா கெட்டிக்காரி, மகனை ஒரு கையிலும் அவன் கடித்த ரொட்டிக் கம்பை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினாள். டாக்டர் கம்பை முறித்துப் பாலைப் பார்த்துச் சொன்னார்: அலரி, அரளி என்றாலும் அதுதான், முழு மரமும் நஞ்சு. நான்கு பிள்ளைகளும் சுகமாகி வீடு வந்தார்கள். கடைசியாக வந்தவன் நசீராவின் மகன், நான்காம் நாள்.

மறு வாரம் வாசிகசாலையில் கூட்டம். பெற்றோர் எல்லாரும் வந்திருந்தார்கள். "கம்பு ஆரின்ர பொறுப்பு?" என்று தலைவரே கேட்டார். நீர் எழும்பினீர். "என்ர பொறுப்பு" என்றீர். அவ்வளவுதான். இருந்துவிட்டீர். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

வெளியே வந்ததும் நான் உம்மைக் கேட்டேன்: "உந்தக் கம்பை வெட்டினது நீரோ?"

"விடும் மச்சான். பிள்ளையள் சுகமாயிட்டுதுகள்."

"அடையாள அட்டை எங்க போச்சுது? வாய்கிழியச் சட்டம் கதைச்சீரே?"

நீர் சிரித்தீர். "வாரும், தேத்தண்ணி குடிப்பம்" என்றீர். நான் வரவில்லை. சந்தி வரைக்கும் ஏசிக்கொண்டே தனியாக நடந்தேன்.

மறுநாள் கண்ணாடிப் பெட்டியில் அறிவித்தல் ஏறியது. "திரு. அருளானந்தம் அவர்களின் பாரிய கவனயீனம் காரணமாக" என்று தொடங்கி, இனிமேல் கடற்கரை நிகழ்வு நடைபெறாது என்று முடிந்தது. கீழே தலைவரின் கையொப்பம், முத்திரை. அதற்குப் பிறகு நீர் வாசிகசாலைப் பக்கம் போகவில்லை. பத்திரிகை வாசிக்க எங்கள் வீட்டுக்கு வந்தீர். கடற்கரையில் அது நடந்து சரியாக எழுபதாம் நாள், 02.11.2024 சனிக்கிழமை விடிய, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தீர், எழும்பவில்லை.

அன்றே உம்முடைய பாடை வாசிகசாலையைத் தாண்டிப் போனதை நீர் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்தேன். அந்த அறிவித்தல் அப்படியே இருந்தது. அதே பெட்டிக்கு மேலே தலைவர் உமக்காக ஒரு வெள்ளைக் கொடி கட்டியிருந்தார். உம்மைக் குற்றவாளி என்று சொல்லும் தாள் கீழே. உமக்குத் துக்கம் சொல்லும் துணி மேலே. பிள்ளைகளில் ஒருவரையும் செத்தவீட்டுக்கு விடவில்லை. அன்று பகல் 3.15க்கு நான் முடிவெடுத்தேன்: இந்த மனிதரை விடுவதில்லை. அவர் செய்தது இன்னதென்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கொடி ஒன்றே எனக்குப் போதுமாயிருந்தது.

தெரியவந்தது இந்த ஆண்டு ஜூன் 14 ஆம் திகதி, சனிக்கிழமை, காலை 10.15க்கு. மிதுஷாவை உமக்கு நினைவிருக்கும். தலைவரின் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயது, முன்பல் இரண்டும் முயல் போல. எங்கள் வளவில் கொய்யாப்பழம் பிடுங்க வந்தாள். கிளை ஒன்று முறிந்தது. நான் ஏசுவதற்கு வாயெடுத்தேன். அவள் கிளையிலிருந்த இலையைக் கசக்கி மணந்தாள்.

"ஏன் பிள்ளை மணக்கிறாய்?"

"ரொட்டி மாமா சொன்னவர்." பிறகு கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, தலைவர் மாமா கொண்டந்த கம்பில இலையே இல்லை" என்றாள்.

நான் கதிரையில் இருந்தேன். அவளையும் இருத்தினேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். அன்றைக்கு அவள் எல்லாருக்கும் முன்னதாகத் தலைவரின் வான் வண்டியில் போனவள். பின் இருக்கையில் கம்புக் கட்டு இருந்ததாம். தலைவரே கம்புகளை நெருப்படியில் மணலில் வரிசையாகக் குத்தி வைத்தாராம். பின்னால் வந்த பிள்ளைகள், ரொட்டி மாமா முன்னமே வந்து வைத்துவிட்டுப் போனார் என்று நினைத்தார்களாம்.

"நீ கேக்கேல்லையோ?"

"கேட்டனான். 'மாமா, இலை எங்க?' எண்டு. 'இலை என்னத்துக்கு? ஊத்தை' எண்டவர்."

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா ரொட்டி மாமாவுக்குத்தான் பிரச்சினை வரும், பொலிஸ் பிடிக்கும் எண்டு சொன்னவர்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இப்ப சொல்லலாம்தானே தாத்தா? இப்ப மாமாவைப் பிடிக்க ஏலாதுதானே?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. எனக்கு நினைவில்லாத விடயங்கள் மிகச் சில என்பதை நீர் அறிவீர்.

அன்று தொடக்கம் ஒன்பது வாரம் திட்டமிட்டேன். தலைவருக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதினேன்: கடற்கரை நிகழ்வை இவ்வாண்டு மீண்டும் நடத்த வேண்டும், தங்கள் நேரடி மேற்பார்வையில், தாங்களே பிரதம விருந்தினர். இரண்டே நாளில் வீட்டுக்கு வந்தார். "பழசை மறந்திட்டியள், ஐயா. உங்களுக்குப் பெரிய மனசு" என்றார். "நாலரைக்கு. பிந்த வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பின் பரமு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது கேட்டாள்: "சிரிக்கிறியளே. எனக்குப் பயமாக் கிடக்குது. என்ன செய்யப்போறியள்?" சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "மா நான் குழைக்கிறன்" என்றாள்.

சனிக்கிழமை பெற்றோர் எல்லாரும் வந்தார்கள். வரும்படி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். நசீரா மகனுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவருக்கு ஒரு கதிரையும் மாலையும். கதிரையின் பின்கால்கள் மணலில் புதைந்து, அவர் வானத்தைப் பார்த்தபடி இருந்தார். விரிகுடாவில் இரண்டு கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. நீர் இருந்திருந்தால் அவற்றின் குசினியில் என்ன கறி என்று சொல்லியிருப்பீர். பிள்ளைகள் வரிசையில் வந்து பரமுவிடம் இலையைக் காட்டினார்கள். அவள் உம்மைப் போலவே கசக்கி மணந்து, "கொய்யா. போ" என்றாள். மூன்றாவது பிள்ளையோடு அவளுடைய குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

முதல் ரொட்டியை நான் சுட்டேன். தோல் சீவி, இலை நீக்கி, இரண்டடிக்குச் சரியாக வெட்டிய கம்பில். கொய்யாதான், நான் கொலைகாரன் அல்லன். ஆனால் அது எனக்கும் பரமுவுக்கும் மட்டுமே தெரியும். ரொட்டியைக் கம்போடு கொண்டுபோய்த் தலைவரின் கையில் கொடுத்தேன். நேரம் 5.25.

"தலைவர், முதல் ரொட்டி உங்களுக்குத்தான். சாப்பிடுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டு வாங்கினார். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். அப்போதுதான் கம்பைப் பார்த்தார். சுற்றியிருந்த பிள்ளைகளின் கம்புகளைப் பார்த்தார். மறுபடி தன் கம்பைப் பார்த்தார்.

"இது என்ன கம்பு, ஐயா?"

 மிதுஷா சொன்னாள், சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை: "இலை இல்லாட்டி ஆருக்குத் தெரியும், தலைவர் மாமா?"

நசீரா ஓரடி முன்னால் வந்தாள். "சாப்பிடுங்க தலைவர். எண்ட புள்ள கேக்காமத்தானே சாப்பிட்டான்."

என்னுடைய மணிக்கூட்டின்படி அவர் நாற்பது வினாடி அப்படியே இருந்தார்.  பிறகு ரொட்டியை மெதுவாக மணலில் வைத்தார். நான் எல்லாரும் கேட்கும்படி கேட்டேன்: "போன வருசம் கம்பு கொண்டந்தது ஆர்?"

"நான்தான்" என்றார். அலைக்கு மேலால் அது எல்லாருக்கும் கேட்டது. "என்ர வீட்டு வேலியில நிண்டது. நேரா இருந்துது, அதுதான் வெட்டினனான். அலரியில கொட்டைதானே நஞ்சு? கம்பு என்ன செய்யும் எண்டு நினைச்சன்."

"சீவேக்க பால் வடிஞ்சிருக்குமே?" என்று பரமு கேட்டாள்.

"வடிஞ்சது." குனிந்தார். "துணியால துடைச்சனான்."

மச்சான், பொய் எழுத மாட்டேன். அந்த நிமிடம் எனக்கு இனித்தது. அந்தத் துணி, அந்தப் பால், அதை அவர் தன் வாயாலேயே எல்லார் முன்னாலும் சொன்னது. வெள்ளைக் கொடி கட்டிய கை மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதமும் பதினான்கு நாளும் நான் சுமந்ததை இறக்கி வைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்க்க வேண்டும் போலிருந்தது. நான் பார்த்தேன். அதுதான் பிழை. அங்கேயே எல்லாரையும் ரொட்டி சாப்பிட அழைத்திருக்க வேண்டும்.

அவர் கதிரையிலிருந்து எழும்பினார். முகம் மாறியிருந்தது.

"நான் ஏன் தோலைச் சீவினனான், இலையை ஏன் எறிஞ்சனான், அதையும் கேளுங்கோவன்! ஐயாதானே எழுதினவர்? கம்பெல்லாம் இலையும் ஊத்தையுமாக் கிடக்குது, ஒண்டு நெட்டை ஒண்டு கட்டை, பார்க்க ஒழுங்கில்லை, இரண்டடியில தோல் சீவிக் குடுக்கவேணும் எண்டு! நிர்வாகசபைக்கு எழுதினவர் ஆர்?"

அவர் என் பக்கம் விரலை நீட்டினார்.

"அந்தக் கடிதத்தை அருளுக்கும் காட்டினனான், கூட்டத்துக்கு முதல் நாள். கம்பு நான் வெட்டினது எண்டு வெளியில வந்தா ஐயாவின்ர கடிதமும் வரும் எண்டனான். அவர் வாங்கி வாசிச்சவர். மடிச்சுத் தந்தவர். 'மச்சான்ர பேர் இதில வரக்கூடாது. நெருப்புக்குப் பொறுப்பு நான், நானே சொல்லுறன். நீர் வாயை மூடும்' எண்டவர். நானும் மூடினனான்."

பரமு என்னைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு ஆண்டு மணவாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்கக் கூடாது.

கடிதம் எனக்கு நினைவிருந்தது. நிச்சயமாக நினைவிருந்தது. நான் எழுதும் ஒவ்வொன்றுக்கும் பிரதி வைத்திருப்பவன். ஆனால் அதையும் அலரியையும் நான் ஒருமுறைகூடச் சேர்த்து நினைக்கவில்லை. எத்தனையோ கடிதங்கள் எழுதுகிறேன். வாசிகசாலை மணிக்கூடு ஏழு நிமிடம் பிந்துகிறது என்று, பத்திரிகையை மடித்து வைப்பதில்லை என்று. ஒருவரும் அவற்றுக்குச் செவிசாய்ப்பதில்லை. இது ஒன்றுக்கு மட்டும் ஏன் செவிசாய்த்தார்கள்?

"ஓம்" என்றேன். "2024 ஜூலை 7. ஞாயிற்றுக்கிழமை. நான்தான் எழுதினனான்."

பிறகு மணலில் கிடந்த ரொட்டியை எடுத்தேன். கம்பை உருவினேன். மணலைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டேன். முழுவதையும். ஏனென்று கேளாதீர்; எனக்கும் தெரியாது. வாய்க்குள் மணல் நெறுநெறுத்தது.

அப்போது ஒரு பிள்ளை கத்தியது: "தாத்தா, கரியுது!" பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில் தணலைப் பார்க்க ஒருவரும் இல்லை, பிள்ளைகளும் வாய் பார்த்துக்கொண்டு கம்பைத் திருப்ப மறந்துவிட்டார்கள். அத்தனை ரொட்டியும் ஒரு பக்கம் கரி. நசீராதான் முதலில் குந்தி இருந்து, தன் மகனுடைய ரொட்டியில் கரியைச் சுரண்டினாள். "சரி, சரி, சுடுங்க புள்ளைகளே, இன்னும் மாக் கிடக்கு" என்றாள். அவள் மகன் உம்முடைய குரலில், "நெருப்பு கோவக்காரன்!" என்று கத்தினான். பிள்ளைகள் எல்லாரும் மீதியைச் சேர்ந்து கத்தினார்கள். தலைவர் மாலையைக் கதிரையில் வைத்துவிட்டுத் தன் வான் வண்டியை நோக்கி நடந்தார். ஒருவரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, அவரை வாசிகசாலைக்கு அழைத்தேன். வந்தார். பழைய அறிவித்தலை அவர் கையாலேயே கழற்ற வைத்தேன். புதியதை நான் எழுதியிருந்தேன். சென்ற ஆண்டு நடந்ததற்குத் திரு. அருளானந்தம் அவர்கள் எவ்வகையிலும் பொறுப்பாளர் அல்லர், பொறுப்பாளர் இருவர், அவர்களின் பெயர்கள் பின்வருமாறு. வாசித்துவிட்டு, "உங்கட பேர் முதல் கிடக்குது" என்றார், நம்ப முடியாதவர் போல.

"அகர வரிசை. சந்தோசப்படாதேயும், எழுத்து இரண்டுக்கும் ஒரே அளவு."

கையொப்பமிட்டார். பெட்டிச் சாவியைக் கேட்டேன், தந்தார். பதவி விலகும்படி கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்கட்டும். அவர் யோசிக்கும் வரைக்கும் அந்தத் தாள் அங்கே இருக்கும். யோசித்து முடித்த பிறகும் இருக்கும். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் கேட்டது தோல் சீவச் சொல்லித்தான். பால் வடிந்ததைத் துடைத்தவர் அவர். குழந்தை ஒன்றைப் பயப்படுத்தி வாயடைத்தவர் அவர். கொடி கட்டியவரும் அவர். என்னுடைய பிழை அவருடைய பிழையைக் கழுவாது. மன்னிக்கச் சொல்லிப் பரமு கேட்டாள். ஏலாது என்றேன்.

இனி உம்முடைய முறை, மச்சான்.

நீர் ஏன் எனக்குச் சொல்லவில்லை? இரண்டு மாதம் என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் பத்திரிகையை வாசித்து, என் தேத்தண்ணியைக் குடித்தீர். நான் ஒவ்வொரு நாளும் அந்த இலையைச் சொல்லிச் சொல்லி உம்மை ஏசினேன். "சட்டம் கதைச்ச ஆளைப் பார்" என்று பரமுவுக்கு முன்னாலேயே சொன்னேன். நீர் பத்திரிகையை மடிக்காமல் வைத்துவிட்டுச் சிரித்தீர். ஒரு வசனம் போதுமே: "உம்முடைய கடிதம்தான் மச்சான்." நான் எழும்பிக் கூட்டத்தில் சொல்லியிருப்பேனே? சொல்லியிருப்பேனா? அதையல்லவா நீர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரியாமல் செய்துவிட்டீர்.

உம்முடைய இரக்கத்தை நான் கேட்கவில்லை. அதைத் திருப்பித் தர முடியாத இடத்துக்கும் போய்விட்டீர். ஆகவே உம்மிலும் பழி தீர்க்கிறேன். நீர் மறைக்கச் சொன்னதை ஒன்றுவிடாமல், திகதியோடும் கிழமையோடும், ஊர் வாசிக்கும் பெட்டிக்குள் ஒட்டுகிறேன். "மச்சான்ர பேர் இதில வரக்கூடாது" என்றீராம். வந்துவிட்டது. முதலாவதாக வந்திருக்கிறது. அங்கிருந்து என்ன செய்வீர்?

வாக்கு ஒன்று தருகிறேன். எனக்கு நடக்க ஏலும் வரைக்கும் ஒவ்வோர் ஆகஸ்ட் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமையும் அந்த இடத்தில் நெருப்பு எரியும். கம்புகளில் இலை இருக்கும். நெட்டையும் கட்டையுமாக, ஊத்தையாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். நான் வரிசையைத் திருத்த மாட்டேன். நேரத்துக்கு வருவேன்; ஆனால் நாற்பது நிமிடம் பிந்தித்தான் மாவைத் தொடுவேன். அந்த நாற்பது நிமிடமும் ஒருவர் கையிலும் கம்பு இருக்காது. நீர் வரும் நேரம் அது.

மணி 8.35. பரமு மா சல்லடையைத் தேடுகிறாள்; இன்று பள்ளிக்கூடம் தொடங்குகிறது, மிதுஷாவுக்குக் குழாய் ரொட்டி ஒன்று சுட்டு அனுப்ப வேண்டுமாம், குசினி அடுப்பிலேயே. பள்ளிக்கூட மணி அடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிட்டது என்றேன். "அண்ணையின்ர ஆளுக்குப் பிந்தினா என்ன?" என்கிறாள்.

உம்முடைய தங்கையின் கணவன்,
உம்மை ஏசியதை மீளப் பெற முடியாத மச்சான்,
வே. குணநாயகம்

இத்துடன் இணைக்கப்பட்டவை (உம்முடைய படத்துக்குப் பின்னால், பழுப்புநிறக் கடித உறையில்):

1. 07.07.2024 அன்று நான் நிர்வாகசபைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. எழுத்துப்பிழை எதுவுமில்லை.
2. கழற்றப்பட்ட பழைய அறிவித்தல். நான்கு மூலையிலும் ஊசி குத்திய துளைகளோடு.
3. புதிய அறிவித்தலின் பிரதி, இரு கையொப்பங்களுடன்.
4. நசீராவின் மகன் வரைந்த படம்: நெருப்பு, கடல், நீர். உம்முடைய கால்கள் மிகவும் நீளமாக உள்ளன.
5. கரிந்த ரொட்டித் துண்டு ஒன்று, எறும்பு வராதபடி இரட்டை உறையில்.
6. கொய்யாக் கம்பு ஒன்று, இலையுடன். நீளம் அளக்கப்படவில்லை.